சாவு வீட்டுக்குப் போன கடிதம்

என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். மொழிபெயர்ப்பாளர் என்றால், "ஓ, கோர்ட்டிலா?" என்பார்கள். இல்லை, அரபு என்றால், "ஓ, மார்க்கப் புத்தகமா?" என்பார்கள். இரண்டும் இல்லை. ஒரு நாட்டின் தூதரகம் இன்னொரு நாட்டின் வெளியுறவு அமைச்சுக்கு எழுதும் கடிதங்களை ஆங்கிலத்திலிருந்து அரபுக்கு மாற்றுவது என் வேலை. கோலாலம்பூரிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பும். கோல சிலாங்கூரில் தம்பியின் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து நான் மாற்றி அனுப்புவேன். கீழே மீன் தலைக் கறி கொதித்துக்கொண்டிருக்கும். மேலே நான் மாண்புமிகு அமைச்சு, மேன்மை தங்கிய தூதர் என்று எழுதிக்கொண்டிருப்பேன். குன்றிலிருந்து இறங்கி வரும் குரங்குகளுக்குப் பயந்து ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருப்பேன்.

அந்தக் கடிதங்களுக்கு ஒரு அச்சு உண்டு. தூதரகம் அமைச்சுக்குத் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறது என்று ஆரம்பிக்கும். கேட்க வேண்டியதை நடுவில் மூன்று வரியில் கேட்கும். தன் உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதிப்படுத்த இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது என்று முடியும். இரண்டு நாடுகளுக்குள் வாய்த்தகராறு முற்றிப் போயிருந்தாலும் முதல் வரியும் கடைசி வரியும் மாறாது. எனக்கு அந்த மொழி பிடிக்கும். சண்டைக்குப் போகிறவன்கூடச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்கிற ஒழுங்கு அதில் இருக்கிறது. அதன் அரபு வடிவங்களைத் தனியாக ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தேன். இருபது வருடச் சேகரம். என் மகள் அதை "அம்மாவோட நகைப்பெட்டி" என்று கிண்டல் செய்வாள்.

தொழிலில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான் சொல்லித் தந்தார்கள். எதையும் சேர்க்காதே, எதையும் விடாதே. ஒரு முறை நான் அதை மீறினேன். ஆங்கிலத்தில் இருந்த ஒரு வாக்கியம் அரபில் அதட்டலாக ஒலிக்கும் என்று ஓரத்தில் குறிப்பு எழுதி அனுப்பிவிட்டேன். வாடிக்கையாளருக்குக் கோபம். இரண்டு மாதம் எனக்கு வேலையே வரவில்லை. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். அதையே நிதானம் என்றும் தொழில் பக்குவம் என்றும் நானாகவே பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கோப்பு வந்தது. மலேசிய இளைஞன் ஒருவன், ஓர் அரபு நாட்டுத் துறைமுகத்தில் லோரி ஓட்டுபவன், கிடங்குக்குள் லோரியைப் பின்னால் எடுக்கும்போது அங்கே வேலை பார்த்த உள்ளூர்ப் பையன் ஒருவன்மீது ஏற்றிவிட்டான். பையன் அங்கேயே இறந்துவிட்டான். பத்தொன்பது வயது. லோரிக்காரன் சிறையில். அந்த நாட்டுச் சட்டப்படி இறந்தவனின் குடும்பம் மன்னித்துக் கையெழுத்துப் போட்டால் வெளியே விடுவார்கள். இழப்பீட்டுப் பணம் எங்களுக்கு வேண்டாம் என்று அந்தக் குடும்பம் சொல்லிவிட்டது. மன்னிப்பையும் தரவில்லை. அந்தக் குடும்பத்தோடு பேசி உதவும்படி தூதரகம் அமைச்சைக் கேட்டுக்கொள்ளும் கடிதம் அது. கூடவே லோரிக்காரனின் பெற்றோர் அந்தக் குடும்பத்துக்கு எழுதியதாக இன்னொரு கடிதம். அதை ஒரு வக்கீல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பெற்றோரின் முகவரியில் எங்கள் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் பெயர் இருந்தது. காரில் போனால் அரை மணி நேரம்.

பெற்றோர் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "நிகழ்ந்த துரதிர்ஷ்டவசமான சம்பவம்" என்று இருந்தது. மகனின் நல்ல நடத்தை இருந்தது, குடும்பத்தின் சிரமம் இருந்தது, கருணை காட்டும்படி பணிவான வேண்டுகோள் இருந்தது. இறந்த பையனைப் பற்றி ஒரு வரி இல்லை. அவன் பெயர்கூட இல்லை. வருத்தம் தெரிவித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று வக்கீல் நினைத்திருப்பார் என்பது எனக்கு உடனே புரிந்தது.

அரபில் இது எப்படி விழும் என்பதும் புரிந்தது. நான் அரபு நாட்டுப் பக்கம் நான்கு வருடம் படித்தவள். நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிக்குக் கீழ்வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது மூன்று நாள் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். வந்தவர்கள் சர்க்கரையில்லாத காப்பியைக் குடித்துவிட்டு, அவனுக்கு இறைவன் அருள் செய்யட்டும் என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் கடன்காரர்கள் நிறைந்த ஒரு வியாபாரி. அந்த மூன்று நாளில் எவரும் எதையும் அவரிடம் கேட்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. சேர்க்காதே, விடாதே. பன்னிரண்டு மணிக்கு முன்னால் முடித்து அனுப்பிவிட்டுக் கீழே இறங்கிப் போய்ச் சோறு சாப்பிட்டேன். முடிவு வரிக்கு நகைப்பெட்டியிலிருந்து ரொம்ப அழகான ஒன்றை எடுத்துப் போட்டிருந்தேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

ஐந்து மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் தம்பி படியேறி வந்தான்.

"ராத்தா, கீழ ஒரு அம்மா பேப்பரோட வந்திருக்காங்க. எஸ்டேட்டுக்காரங்க. அரபி படிக்கிற ஆளு வேணுமாம். பஸ் ஸ்டேஷன்ல யாரோ நம்ம கடைய காட்டி விட்டிருக்காங்க."

அறுபது வயதுக்குப் பக்கமாக ஒரு பெண் மேலே வந்தார். மடிப்புக் கலையாத சேலை, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பிறகு பேச்சை வளர்க்காமல் கோப்பைத் திறந்தார்.

"தங்கச்சி, என் மகன் அரபு நாட்டுல ஜெயில்ல இருக்கான். நாங்க மன்னிப்பு கேட்டு லெட்டர் போட்டோம். அவங்க முடியாதுன்னுட்டாங்கன்னு வக்கீலு சொல்லிட்டாரு. ஒரே வார்த்தை. முடியாது. ஆனா இந்த பேப்பர்ல நாலு வரி இருக்கு பாருங்க. முடியாதுன்னு சொல்ல நாலு வரி எதுக்கு? வேற என்னாமோ சொல்லியிருக்காங்க. அத படிச்சு சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். இறந்த பையனின் தகப்பனார் கையால் எழுதிய நான்கு வரி. அதற்குப் பின்னால் ஊசி குத்தி இணைத்திருந்த தாள்களைப் புரட்டியபோது என் அரபு எழுத்துகளே என்னைப் பார்த்தன. அவற்றைப் பின்னால் மடித்து வைத்தேன். முதலில் தகப்பனாரின் வரிகளைத் தமிழில் சொன்னேன்.

"உங்கள் கடிதம் வந்தது. அதில் உங்கள் மகனின் பெயர் நான்கு இடத்தில் இருக்கிறது. எங்கள் மகனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. இப்படிப்பட்ட கடிதத்துக்கு எங்களிடம் பதில் இல்லை."

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "நாங்க என்னா எழுதியிருந்தோம்?" என்று கேட்டார். அது அவருடைய கடிதம். அவரும் அவர் கணவரும் கையெழுத்துப் போட்டது. ஆங்கிலத்தில் இருந்ததால் என்ன இருக்கிறதென்று அவர்களுக்கே தெரியாது. முழுவதையும் வரி வரியாகத் தமிழில் படித்தேன். துரதிர்ஷ்டவசமான சம்பவம் வந்தது, நல்ல நடத்தை வந்தது, கருணை வந்தது. கடைசியில் என் அழகான முடிவு வரியும் வந்தது. தமிழில் சொல்லும்போது அதை எங்கேயாவது ஒளித்துவைக்க முடியுமா என்று பார்த்தேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அக்கா."

"அந்தப் பிள்ளை செத்ததுக்கு ஒரு வார்த்தை இல்லியே. சாவு வீட்டுக்குப் போறவங்க வாசல்ல நின்னுக்கிட்டு எனக்கு இத குடு, அத குடுன்னா கேப்பாங்க? அப்புறம் கடைசில என்னா அது, மரியாதைய உறுதிப்படுத்துறோம், வாய்ப்ப பயன்படுத்துறோம்னு? சாவு வீட்ல போயிட்டு வரேன்னு சொல்லிட்டா வருவாங்க? சும்மாதானே எந்திரிச்சு வருவோம்."

நான் அவருக்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன். இது கவர்மெண்டு பாஷை அக்கா, இப்படித்தான் எழுதுவாங்க என்று சொல்லியிருப்பேன். அதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"அந்தப் பிள்ளையோட பேரு என்னா?"

ஐந்து மாதமாக அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. தூதரகத்தின் கடிதத்தில், வழக்கு எண்ணுக்குக் கீழே இருந்தது. தேடிச் சொன்னேன். நாக்குக்குப் பழகாத பெயர். மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை சரியாக வந்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அக்கா, இத அரபியில எழுதுனது நான்தான்."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுல அந்தப் பிள்ளையப் பத்தி இல்லங்கறது எழுதும்போது உங்களுக்கு தெரியலியா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுக்கிட்டேவா எழுதுனீங்க?"

"ஆமாக்கா."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சரி. இப்ப எழுதுங்க."

அன்றைக்கு அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்டேன். பிறகு அதை ஆங்கிலத்தில் மாற்றி வக்கீலுக்கும் நிறுவனத்துக்கும் அனுப்பினேன். தூதரகம் வழியாகப் போக வேண்டுமென்றால் ஆங்கிலப் பிரதி வேண்டும். இருபது வருடத்தில் முதல் தடவையாக நானே மூலத்தை எழுதி நானே மொழிபெயர்க்கப் போகிறேன். நிறுவனத்து மேலாளர் உடனே கூப்பிட்டார்.

"மேடம், என்ன டாக்குமெண்ட் இது? ரிக்வெஸ்ட் எங்க லா? மன்னிக்கணும்னு ஒரு இடத்துலகூட இல்ல. குளோசிங்கும் இல்ல."

"இல்ல. அவங்க வேணாம்னுட்டாங்க."

"நீங்க டிரான்ஸ்லேட்டரா, இல்ல அவங்க ஃபேமிலியா?"

நல்ல கேள்விதான். இந்த வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, சாயங்காலம் வரை மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீல் இன்னும் கடுமையாக இருந்தார். "என் மகன் ஓட்டிய வண்டியில் உங்கள் மகன் இறந்தான்" என்ற வரியை எடுத்தே ஆக வேண்டும் என்றார். மேல்முறையீடு ஒன்று இன்னும் பாக்கி இருந்தது. இந்த வரியோடு கடிதம் போய், அந்தக் குடும்பமும் மனம் இளகாவிட்டால், பெற்றவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்று அந்தத் தாளையே எடுத்து நீட்டுவார்கள். பையன் இன்னும் பல வருடம் உள்ளே இருப்பான். பெற்றோர் இருவரும் அதைப் புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்குப் போனேன். தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயங்களை இடித்துவிட்டு வரிசையாகச் செங்கல் வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். செம்பனைக்கு நடுவே அந்த வரிசையில் கடைசி வீடு. கணவர் எண்ணெய் ஆலையில் கொதிகலனுக்கு ஆள். வார்த்தைக்கு ஒரு தரம் தொண்டையைச் செருமுகிறவர். வக்கீல் சொன்ன ஆபத்தை இரண்டு பேருக்கும் எதையும் குறைக்காமல் சொன்னேன். பிறகு கடிதத்தைப் படித்தேன். சின்னக் கடிதம்.

அதில் அந்தப் பையனின் பெயர் முதல் வரியிலேயே இருந்தது. என் மகன் ஓட்டிய வண்டியில் உங்கள் மகன் இறந்தான். எங்களுக்கு அவனைத் தெரியாது, இனித் தெரிந்துகொள்ளவும் முடியாது. அடக்கத்துக்கு நாங்கள் வந்திருக்க வேண்டும், தூரம், வர முடியவில்லை. அவனைப் பெற்றவளின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். இவ்வளவுதான்.

கணவர் தொண்டையைச் செருமினார். "நம்ம பையன் வேணும்னு செய்யலியே. பின்னால மறைச்சிருந்தா யாருக்கு தெரியும்? அதயாவது ஒரு வரி போடச் சொல்லு."

"வேணாம்."

"அவன் உள்ளயே கெடக்கட்டுங்கிறியா?"

"சாவு வீட்ல போயி நம்ம நியாயத்த பேசக்கூடாது. நமக்கு என்னா வேணும்னு அவங்களுக்கு தெரியும். அத கேக்கவும் வேணாம்."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். அங்கேயே நின்றுகொண்டு அழுதார். தோள் மட்டும் ஆடுவது தெரிந்தது. மகனை வெளியே கொண்டுவரும் ஒரே வழியை மனைவி தன் கையாலேயே அடைக்கிறாளோ என்ற பயம் அவருக்கு. எனக்கும் அதே பயம்தான். அக்காவுக்கு மட்டும் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். பேனாவைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளைக் கணவரிடம் வாசலுக்கே கொண்டுபோய் நீட்டினார். அவர் சுவரில் வைத்துப் போட்டார்.

அரபில் எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நகைப்பெட்டியை நான் திறக்கவேயில்லை. முடிவு வரி இல்லாமல் ஒரு தாளை அனுப்பியது அதுதான் முதல் தடவை. கடைசிச் சொல்லுக்குப் பிறகு வெறும் வெள்ளையாக இருந்த இடத்தைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது. தூதரகத்தில் யாரோ ஒரு நல்ல அதிகாரி ஒன்றையும் மாற்றாமல் மேலே தன் அச்சுக் கடிதத்தை வைத்து அனுப்பிவிட்டார். அந்த முகம் தெரியாத மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். செகிஞ்சான் பக்கம் நெல் அறுப்பு முடிந்து, வயலில் மறுபடி தண்ணீர் விட்டார்கள். அக்கா பத்து நாளுக்கு ஒரு முறை கடைக்கு வருவார். ஏதாவது வந்துச்சா என்று கேட்க மாட்டார். பால் சேர்க்காத ஒரு தே ஓ குடித்துவிட்டுப் போவார். நான் படியிறங்கி வந்து இல்லையென்று தலையை ஆட்டுவேன். தம்பி காசு வாங்க மாட்டான், அவர் வைத்துவிட்டுத்தான் போவார்.

பதில் இரண்டரை மாதம் கழித்து வந்தது. மேலாளரே அனுப்பியிருந்தார், வேறு யாருக்கும் கொடுக்காமல். அமைச்சின் முத்திரையோடு, முறையான அரபில், வணக்கத்தில் ஆரம்பித்து. நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்தபோது உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புவதற்கு முன்னால் காரை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனேன். அது ஒழுங்குக்கு விரோதம். ஒழுங்கைப் பற்றி அன்றைக்கு எனக்குக் கவலையில்லை.

இருவரும் வீட்டில் இருந்தார்கள். அக்கா சுவரோரம் உட்கார்ந்துகொண்டு, "இருக்கறத அப்படியே படிங்க" என்றார்.

அப்படியே படித்தேன். மாண்புமிகு அமைச்சு தூதரகத்துக்குத் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. இறந்தவரின் தகப்பனார் தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டுள்ளார். கைதியை விடுவித்து நாட்டுக்கு அனுப்பும் ஏற்பாடுகள் நடந்துவருகின்றன. அந்த இடத்தில் கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் மிச்சத்தைப் படிக்க எனக்குத் தைரியம் இருந்திருக்காது. தகப்பனார் கேட்டுக்கொண்டதன் பேரில் அமைச்சு இதையும் தெரிவிக்கிறது. இரண்டாவது கடிதத்தில் குறிப்பிடப்பட்ட, இறந்தவரின் தாயார், அந்தக் கடிதம் வந்து சேர்வதற்கு ஏழு வாரங்களுக்கு முன்னால் நோயில் காலமானார். முதலில் வந்த கடிதத்தை அவர் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்று முறையும் தன் மகனின் பெயருக்காகக் காத்திருந்தார். இரண்டாவது கடிதத்தைக் குடும்பத்தார் அவருடைய அடக்கத்தலத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தார்கள்.

உயர்ந்த மதிப்பை உறுதிப்படுத்தும் கடைசி வரியையும் படித்தேன். தாளை மடித்தேன். அந்தத் தாய் காத்திருந்த வரி எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே தெரியும். ஒரு போன்தான். இதை அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை.

அக்கா எழுந்தார். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பின்கட்டுக்குப் போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றும் சத்தம். தலையோடு குளிக்கிறார் என்பது தெரிந்தது. சொந்தத்தில் ஒரு சாவுச் செய்தி வந்தால் இந்துக் குடும்பங்களில் அப்படித்தான் குளிப்பார்கள்.

ஈரத் தலையோடு வேறு சேலையில் வந்தார். கணவர் போனைக் கையில் எடுத்திருந்தார், யாரையோ கூப்பிடப் போனார்.

"வைங்க. பையன் வர்ற சேதிய நாளைக்கு சொல்லிக்கலாம். இன்னிக்கு வேணாம். நீங்களும் போயி தண்ணிய ஊத்திக்கிட்டு வாங்க."

அவர் போனை வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரும்வரை நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். புறப்படலாம் என்று நான் காரின் சாவியை எடுத்தேன். அக்கா கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி என் முன்னால் நீட்டினார்.

"நீங்களும் குளிச்சிட்டு போங்க, தங்கச்சி."

எங்கள் வீடுகளில் அந்த வழக்கம் இல்லை. துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.